புகை போதவில்லையா? முதலில் திரியைப் பாருங்கள்

டிசம்பர் பிறந்தால் என் பட்டறை மேஜையில் கை வைக்க இடம் இருக்காது. கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி பொம்மை ரயில் ஓடவிடுவது இங்கே நியூஜெர்சியில் பல வீடுகளில் தாத்தா காலத்து வழக்கம். பதினோரு மாதம் பரணில் கிடந்த இன்ஜின்கள் ஒரே வாரத்தில் இறங்கி வரும். முக்கால்வாசிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தாலே போதும். மீதிக்கு ஒரே புகார்தான்: புகை வரவில்லை.

போன வருடம் நம்மூர்க்காரர் ஒருவர் ஓ கேஜ் என்ற பெரிய அளவு நீராவி இன்ஜின் பொம்மை ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "அண்ணே, வீடியோ பார்த்து நானே கொஞ்சம் மாத்தினேன். முதல்ல சும்மா அள்ளிச்சு. அப்புறம் ஒரு நாத்தம், ரயிலே நின்னுடுச்சு." வார்ப்பு உலோக உடம்பு என்பதால் வெளியே ஒரு கீறல்கூட இல்லை. திருகைக் கழற்றி மூடியைத் தூக்கியதும்தான் தெரிந்தது. எண்ணெயைச் சூடாக்கிப் புகை விடும் சின்னப் பெட்டிக்குள், அதாவது புகை யூனிட்டுக்குள், எண்ணெய் உறிஞ்ச வைத்திருந்த திரி கருகின அப்பளம் மாதிரி தொட்டதும் உதிர்ந்தது. பக்கத்தில் போன இரண்டு வயர்களின் உறை உருகி ஒட்டியிருந்தது. சர்க்யூட் பலகையின் ஒரு மூலை பழுப்பேறியிருந்தது.

அவர் செய்தது சின்ன வேலைதான். பலகையிலிருந்து ஹீட்டருக்குப் போகும் வயரைக் கழற்றி, நடுத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் ரோலரோடு நேராக இணைத்துவிட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்டவாளத்தில் 18 வோல்ட். அந்த யூனிட்டின் ஹீட்டர் 8 ஓம் ரெசிஸ்டர். 18-ஐ 18-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 40 வாட்டுக்கு மேல் வருகிறது. என் மேஜையில் இருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றை, எண்ணெயில் நனைந்த பஞ்சுக்கு நடுவே, மூடின பெட்டிக்குள் வைத்ததற்குச் சமம். பலகை வழியாகப் போயிருந்தால் அதே ரெசிஸ்டருக்கு மின்சாரம் விட்டு விட்டு, அளவாகப் போயிருக்கும். பழைய மாடல்களில் 27 ஓம் மாதிரி பெரிய ரெசிஸ்டர் இருந்தால் 18 வோல்ட்டில் நேராகப் போட்டாலும் 12 வாட்தான், தாங்கும். ஆகவே ரெசிஸ்டரை மாற்றுமுன் மீட்டரை எடுத்து இரண்டையும் அளந்துகொள்ளுங்கள்: இருப்பது எத்தனை ஓம், அதற்கு வருவது எத்தனை வோல்ட். வீடியோவில் இருப்பது வேறொருவருடைய இன்ஜின்.

சிம்னியில் வருவது உண்மையில் புகையே இல்லை. சூட்டில் ஆவியான தாது எண்ணெய் வெளிக்காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாக மாறுவதுதான் அந்த வெள்ளைப் படலம். எரிய வேண்டிய அவசியமே கிடையாது. சூடு அளவுக்கு மீறினால் எண்ணெய் கருகும், திரி கரியாகும். கரியான திரி எண்ணெயை உறிஞ்சாது. அப்போது புகை குறையும். உடனே நாம் சூட்டை இன்னும் கூட்டுவோம். நம்மூர்க்காரர் மாட்டிக்கொண்டது இந்தச் சுழலில்தான். அவருடைய திரி ஏற்கெனவே செத்திருந்தது.

திரியைப் பார்த்த கையோடு நான் பார்ப்பது, புகையை வெளியே தள்ளும் ஃபேன். ஃபேன் நின்று ஹீட்டர் மட்டும் ஓடினால் சில நிமிடத்தில் திரி போய்விடும். அடுத்து காற்று நுழையும் ஓட்டை: திரியை அடைத்துத் திணித்திருந்தால் அது மூடியிருக்கும். திரி ரெசிஸ்டரைத் தொட வேண்டும், இறுக்கிப் பிடிக்கக் கூடாது. மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் கிழிந்திருந்தால் புகை சிம்னிக்குப் போகாமல் உள்ளேயே சுற்றி, பலகை முழுக்க எண்ணெய் பூசிவிடும். இத்தனையும் சரி செய்த பிறகும் புகை போதவில்லை என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.

பழைய சரக்கு வேறு கதை. லயனல் என்ற அமெரிக்க பொம்மை ரயில் கம்பெனி 1946-இல் முதலில் விட்ட புகை இன்ஜின்களில் ஹீட்டரே கிடையாது. தலையில் குழிவுள்ள பல்பு ஒன்று இருக்கும், அந்தக் குழியில் அம்மோனியம் நைட்ரேட் மாத்திரையைப் போடுவார்கள். அதன் ஆவி உலோகத்தை அரித்தது. அடுத்த வருடமே கம்பிச்சுருள் ஹீட்டருக்கு மாறிவிட்டார்கள். பென்சில்வேனியாவின் யார்க் நகரில் கூடும் பொம்மை ரயில் சந்தையில் இந்தக் காலத்து இன்ஜின் வாங்கி, எண்ணெய்க்கு மாற்றலாம் என்று யூனிட்டைப் பிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உள்ளே இருக்கும் பழைய பஞ்சையும் அட்டையையும் ஆஸ்பெஸ்டாஸ் என்றே நினைத்துக்கொள்வது நல்லது. ஊதாதீர்கள், சுரண்டாதீர்கள். நான் ஈரமாக்கி, முகக்கவசம் போட்டு எடுத்து, பையில் கட்டிவிடுவேன்.

எச்.ஓ. என்ற சின்ன அளவு இன்ஜின்களில் பிளாஸ்டிக் உடம்பு என்பதால் தவறு வெளியிலேயே தெரியும், சிம்னி சாய்ந்துவிடும். பழைய முறையில் வண்டி நின்றால் தண்டவாளத்தில் மின்சாரமும் நிற்கும். டிஜிட்டல் கட்டுப்பாட்டில் வண்டி நின்றிருந்தாலும் முழு வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். பழைய முறைக்கான யூனிட்டை அதில் நேராகப் போட்டால், ஸ்டேஷனில் நிற்கும்போதே வெந்துகொண்டிருக்கும். இன்ஜினுக்குள் கட்டளையை வாங்கும் டிகோடர் பலகையில், விளக்கு, புகை மாதிரி வேலைகளுக்கென்று இருக்கும் ஃபங்ஷன் வயரில் போட்டு, அந்த வயர் எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்றும் பாருங்கள்.

எண்ணெய் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. பேபி ஆயில் ஊற்றுகிறார்கள், பிசினாகிறது. மேடைப் புகை மெஷின் திரவம் ஊற்றுகிறார்கள், அதில் தண்ணீர் இருக்கிறது, துருப்பிடிக்கிறது. புகைக்கென்றே விற்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், வற்றுவதற்குள் நிறுத்துங்கள். மூடின அறையில், அதுவும் ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில், மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள். பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்று ஊரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதற்கும் அதேதான். வயிற்றைவிட நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நம்மூர்க்காரர் இன்ஜினுக்கு வருவோம். பலகை பிழைத்தது. புதுத் திரி, புது கேஸ்கெட், வயர் பழைய இடத்துக்கே. அடியில் புகையை நிறுத்த ஒரு சின்ன ஸ்விட்ச் சேர்த்தேன். ஓட்டிக் காட்டியதும் குனிந்து பார்த்தார்.

"இவ்ளோ வருதே! என்ன ரெசிஸ்டர்ண்ணே போட்டீங்க?"

"அதே 8 ஓம்தான் தம்பி."