இந்தியப் பதிவெண் பைக்கில் ஆப்பிரிக்கா: கார்னெட் வாங்குவது முதல் டெபாசிட் திரும்புவது வரை

இந்தியாவில் பதிவான பைக்கைக் கப்பலேற்றி மொம்பாசாவில் இறக்கினால், கென்யச் சுங்கத் துறையைப் பொறுத்தவரை அது இறக்குமதிச் சரக்கு. வரி கட்டினால்தான் துறைமுகத்தை விட்டு வெளியே வரும். அங்கிருந்து தான்சானியா போனால் அங்கேயும் வரி, ஜாம்பியா போனால் அங்கேயும் வரி. நாலைந்து நாடு சுற்றுவதற்குள் வரியே வண்டியின் விலையைத் தாண்டிவிடும். சுற்றுலாப் பயணி இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் 1954-ல் நியூயார்க்கில் தனியார் வாகனங்களின் தற்காலிக இறக்குமதிக்கான ஒப்பந்தம் ஐ.நா. முயற்சியில் உருவானது. அதன்படி கையில் கொடுக்கப்படும் ஆவணம் 'கார்னே து பசாஜ் ஆன் துவான்'. பைக்காரர்களும் கிளியரிங் ஏஜென்ட்டுகளும் சுருக்கமாகக் கார்னெட் என்பார்கள்.

இது சுங்க வரி விலக்கு அல்ல. 'வண்டியைக் குறித்த காலத்துக்குள் வெளியே கொண்டுபோய்விடுவேன், தவறினால் வரியை எனக்குக் கார்னெட் தந்த வாகன ஓட்டிகள் சங்கம் கட்டும்' என்ற உத்தரவாதம். இந்த வலைப்பின்னலை உலக அளவில் நடத்துவது எஃப்.ஐ.ஏ. என்ற சர்வதேச வாகன ஓட்டிகள் கூட்டமைப்பு. இந்தியப் பதிவெண் வண்டிக்குக் கார்னெட் வழங்குவது மும்பையில் உள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ இந்தியச் சுங்கத் துறையிலோ இதைக் கேட்டு அலைய வேண்டாம், அவர்கள் தருவதில்லை.

எல்லா நாட்டுக்கும் இது கட்டாயமா என்றால், இல்லை. எகிப்து கண்டிப்பாகக் கேட்கும். கென்யாவில் துறைமுகம் வழியாக வண்டியை இறக்குபவருக்குக் கார்னெட் இல்லாமல் காரியம் ஓடாது. ஜாம்பியா, ஜிம்பாப்வே, மலாவி ஆகியவை கார்னெட் இல்லாதவருக்கு எல்லையிலேயே தற்காலிக அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கும். கையில் கார்னெட் இருந்தால் அதைக் காட்டுவதே நல்லது. ஒரே ஆவணத்தில் முழுப் பயணத்தின் பதிவும் இருக்கும்.

டெபாசிட்

விண்ணப்பக் கட்டணம் பெரிய தொகை அல்ல. பெரியது டெபாசிட், அல்லது அதற்கு ஈடான வங்கி உத்தரவாதம். வண்டியின் மதிப்பு, போகும் நாடுகளின் பட்டியல் இரண்டையும் வைத்துத் தொகை முடிவாகும். வரி அதிகமுள்ள ஒரே ஒரு நாடு பட்டியலில் இருந்தால் போதும், அந்த நாட்டு விகிதம்தான் முழுக் கணக்கையும் தூக்கிவிடும். எகிப்து அப்படிப்பட்ட நாடு. கெய்ரோவிலிருந்து கேப் டவுன் வரை என்ற ஆசை இருந்தாலும், மொம்பாசாவில் இறங்கித் தெற்கே போகும் பாதைக்கும் எகிப்தைச் சேர்த்த பாதைக்கும் தனித்தனியாகத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு முடிவெடுங்கள். பலரின் பாதையை மாற்றுவது இந்த ஒரு கணக்குதான்.

வங்கி உத்தரவாதம் என்றால் வங்கி உங்கள் வைப்புத் தொகையைப் பிணையாகப் பிடித்துக்கொள்ளும், கமிஷனும் எடுக்கும். கார்னெட்டின் காலம் ஒரு வருடம்தான். ஆனால் உத்தரவாதம் அதோடு முடியாது. ஒப்பந்தப்படி, கார்னெட் காலாவதியான பிறகும் ஒரு வருடத்துக்குள் 'இந்த வண்டி வெளியேறியதற்குப் பதிவில்லை' என்று ஒரு நாட்டுச் சுங்கம் நோட்டீஸ் அனுப்பலாம். அதன் பிறகு ஆதாரம் காட்டச் சங்கத்துக்கு இன்னொரு வருடம் அவகாசம். முறைப்படி முடித்து வைக்கப்படாத கார்னெட்டின் பணம் இரண்டு மூன்று வருடம் முடங்கும் அபாயம் இங்கிருந்துதான் வருகிறது.

விண்ணப்பமும் அட்டைப் பக்கமும்

பாஸ்போர்ட், ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், வண்டியின் மதிப்புக்கான சான்று, நாடுகளின் பட்டியல், உறுதிமொழிப் பத்திரம் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படுபவை. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்ஷியலில்தான் சிக்கல் வரும்: ஆர்.சி.யில் 'கே. முருகன்' என்றும் பாஸ்போர்ட்டில் 'முருகன் கந்தசாமி' என்றும் இருந்தால், முதலில் ஆர்.சி.யைத் திருத்திவிட்டு வாருங்கள். வண்டிக்கடன் பாக்கியிருந்தால் கடன் கொடுத்தவரின் ஆட்சேபணையின்மைச் சான்று தேவைப்படும். வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் அவரது அதிகாரக் கடிதம் வேண்டும்.

கார்னெட் கைக்கு வந்ததும் அட்டைப் பக்கத்தைப் பைக்கின் அருகில் உட்கார்ந்து சரிபாருங்கள். ஆர்.சி.யோடு ஒப்பிட்டால் போதாது, ஆர்.சி.யிலேயே தவறு இருக்கலாம். சேஸிஸ் எண்ணை ஃபிரேமில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். 17 இலக்கச் சேஸிஸ் எண்ணில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, கியூ வராது. எனவே 'ஓ' என்று அச்சாகியிருந்தால் அது பூஜ்யமாக இருக்க வேண்டியது. எஞ்சின் எண், தயாரிப்பு ஆண்டு, நிறம், எடை, மதிப்பு, உதிரி டயர் எண்ணிக்கை எல்லாம் அதே பக்கத்தில் வரும். கூடுதலாக இரண்டு டயர் கட்டிக்கொண்டு போவதாக இருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். எல்லையில் நீங்களே பேனாவால் திருத்தினால் ஆவணமே செல்லாமல் போகலாம். திருத்தம் வழங்கிய சங்கத்தின் முத்திரையோடுதான் இருக்க வேண்டும். வழியில் எஞ்சினையே மாற்ற நேர்ந்தாலும் முதல் தகவல் சங்கத்துக்குத்தான்.

கார்னெட் 5, 10, 25 பக்கங்களில் வருகிறது. ஒரு நாட்டுக்குள் ஒருமுறை நுழைந்து வெளியேற ஒரு பக்கம் செலவாகும். கென்யா, தான்சானியா, ஜாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா என்ற பாதைக்கு 5 பக்கம் ஏட்டளவில் போதும், கடைசி மூன்றும் ஒரே சுங்க ஒன்றியம் என்பதால் அவற்றுக்கு ஒரு பக்கம்தான். ஆனால் விக்டோரியா அருவியை ஜிம்பாப்வே பக்கம் பார்த்துவிட்டு மறுபடி ஜாம்பியாவுக்கு வந்தாலே இரண்டு பக்கம் கூடுதல். 10 பக்கம் வாங்குவதே புத்திசாலித்தனம்.

எல்லையில் நடப்பது

கார்னெட்டின் ஒவ்வொரு பக்கமும் செக் புத்தகம் போல மூன்று துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கீழ்த் துண்டு நுழைவுச் சீட்டு. நடுத் துண்டு வெளியேற்றச் சீட்டு. மேல் துண்டு அடிக்கட்டை, அது உங்களிடமே தங்கும். நுழையும்போது அதிகாரி கீழ்த் துண்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு, அடிக்கட்டையின் நுழைவுப் பகுதியில் முத்திரையும் கையெழுத்தும் தேதியும் போடுவார். வெளியேறும்போது நடுத் துண்டு கிழிக்கப்படும், அடிக்கட்டையின் வெளியேற்றப் பகுதியில் இரண்டாவது முத்திரை விழும். அடிக்கட்டையில் இரண்டு முத்திரையும் இருந்தால் அந்த நாட்டுக் கணக்கு முடிந்தது.

தவறுகள் பெரும்பாலும் மூன்று இடத்தில் நடக்கின்றன. கார்னெட்டை அதிகம் பார்க்காத அதிகாரி நுழைவின்போதே நடுத் துண்டையும் சேர்த்துக் கிழித்துவிடுவார். அல்லது கீழ்த் துண்டில் மட்டும் முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு, அடிக்கட்டையை வெறுமனே விட்டுவிடுவார். அல்லது நுழைவு முத்திரையை வெளியேற்றக் கட்டத்தில் குத்திவிடுவார். ஜன்னலை விட்டு நகரும் முன் மூன்று துண்டையும் நீங்களே பாருங்கள். பக்கத்தைத் திறந்து, அவர் குத்த வேண்டிய கட்டத்தைப் பென்சிலால் மெல்லக் காட்டி நீட்டினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முத்திரை விழுந்ததும் செல்போனில் படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஏஜென்ட் கையில் கார்னெட்டை ஒப்படைத்துவிட்டு இரவு தங்கப் போகாதீர்கள்.

ஒருங்கிணைந்த எல்லைச் சாவடிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கென்யா–தான்சானியா எல்லையான நமங்கா, ஜாம்பியா–ஜிம்பாப்வே எல்லையான சிருண்டு, 2021-ல் பாலம் திறந்த பிறகு போட்ஸ்வானா–ஜாம்பியா எல்லையான கசுங்குலா ஆகியவை இவ்வகை. இங்கே நீங்கள் விட்டுச் செல்லும் நாட்டின் கட்டடத்தில் நிற்காமல் நேரே கடந்து, நுழையும் நாட்டின் கட்டடத்துக்கே போக வேண்டும். இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்த ஜன்னலில் இருப்பார்கள். பாஸ்போர்ட்டுக்கு இரண்டு முத்திரையும் விழுந்துவிட்டது என்ற நிம்மதியில், பழைய நாட்டின் சுங்க ஜன்னலைத் தவறவிட்டு வந்துவிடுவது சுலபம். குடிவரவு வேறு, சுங்கம் வேறு. ஜன்னல்களை எண்ணிக்கொள்ளுங்கள்: குடிவரவு இரண்டு, சுங்கம் இரண்டு, ஆக நான்கு.

தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா, லெசோதோ, எஸ்வாட்டினி ஐந்தும் ஒரே சுங்க ஒன்றியம். ஐந்தில் எதற்குள் முதலில் நுழைகிறீர்களோ அங்கே நுழைவு முத்திரை, கடைசியாக ஒன்றியத்தை விட்டு வெளியேறும் இடத்தில் வெளியேற்ற முத்திரை. நடுவில் உள்ள எல்லைகளில் கார்னெட்டுக்கு வேலையில்லை. ஆனாலும் நமீபிய எல்லையில் ஓர் அதிகாரி புதுப் பக்கம் திறந்துவிட்டால் வாதாடிப் பயனில்லை. திறந்த பக்கத்தை வெளியேறும்போது மூட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கார்னெட் ஒரு வருடம் செல்லும் என்பதால் ஒரு நாட்டிலேயே ஒரு வருடம் வண்டியை வைத்திருக்க முடியாது. அந்தந்த நாட்டுச் சுங்கம் எழுதிக் கொடுக்கும் தேதிதான் எல்லை. அந்தக் காலத்தில் வண்டியை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. வண்டி திருடுபோனாலும் எரிந்துபோனாலும் வரிப் பொறுப்பு தானாக நீங்காது. உடனே போலீஸ் அறிக்கை வாங்கிச் சுங்கத்துக்கும் சங்கத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பயணம் நீண்டால், காலாவதிக்கு முன்பே சங்கத்திடம் நீட்டிப்புக் கேளுங்கள்.

கார்னெட் தராதவை

ஓட்டும் உரிமை இதில் வராது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4-ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டி வாங்க வேண்டும். பரிவாகன் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். ஒரு வருடம் செல்லும், 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது. 2021-ல் வந்த திருத்தம் விசாவும் மருத்துவச் சான்றும் கட்டாயம் என்ற நிபந்தனையை நீக்கியது. வெளிநாட்டில் இருக்கும்போது காலாவதியானால் இந்தியத் தூதரகம் வழியாகப் புதியது கேட்கவும் அது வழி செய்தது. வாங்கும்போது மோட்டார் சைக்கிளுக்கான 'ஏ' பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

காப்பீடும் வராது. இந்தியப் பாலிசியின் எல்லையைக் கூடுதல் பிரீமியம் கட்டி நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை, பாகிஸ்தான், மாலத்தீவு வரைதான் நீட்டலாம். ஆப்பிரிக்காவில் கென்யாவிலேயே மூன்றாம் நபர் காப்பீடு எடுத்து, அதோடு பல நாடுகளில் செல்லும் காப்பீட்டு அட்டையான கோமேசா மஞ்சள் அட்டையையும் வாங்கிவிட்டால் தான்சானியா, ஜாம்பியா, மலாவி, ஜிம்பாப்வே வரை செல்லும். வாங்கும்போது நீங்கள் போகும் நாடுகள் அட்டையில் கோடிட்டு நீக்கப்படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் பெட்ரோல் விலையிலேயே விபத்து நிதிக்கான தீர்வை அடங்கியிருக்கிறது, ஆனால் அது உடல் காயத்துக்கு மட்டும். நீங்கள் இடித்த காரின் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

வண்டியின் பின்பக்கம், எந்த நாட்டு வண்டி என்பதைக் காட்டும் 'ஐ.என்.டி.' என்ற நீள்வட்ட ஸ்டிக்கர் ஒட்டுங்கள். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டில் சிறிதாக உள்ள அதே எழுத்துகள் இதற்கு ஈடாகாது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா சென்றுவிட்டுச் சான்று இல்லாமல் திரும்பினால், இந்திய விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். இந்தச் சான்று வாழ்நாள் முழுக்கச் செல்லும்.

அனுப்புவதும் திரும்பக் கொண்டுவருவதும்

மரப்பெட்டியில் அனுப்பினால், மரம் பூச்சி நீக்கச் சிகிச்சை பெற்றதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை பெட்டியில் இருக்க வேண்டும். விமானத்தில் அனுப்பினால் உண்மையான எடை, பருமன் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். பருமன் எடைக்கு நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுக்க வேண்டும். 220 × 80 × 110 பெட்டி 323 கிலோ கணக்கு. முன் சக்கரத்தையும் கண்ணாடியையும் கழற்றிப் பெட்டியை 190 × 75 × 100 ஆக்கினால் 238 கிலோ. சரக்குச் சீட்டில் பெறுநர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

இந்தியாவிலிருந்து அனுப்பும்போது ஏற்றுமதிக்கான சுங்க ஆவணமான ஷிப்பிங் பில்லில் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கட்டாயம் ஏறியிருக்க வேண்டும். திரும்பி வரும்போது இந்தியச் சுங்கம் வரி கேட்காமலிருக்க அதுதான் ஆதாரம். சுங்க அறிவிக்கைப்படி, மூன்று வருடத்துக்குள் திரும்பும் அதே பொருளுக்கு, உரிமையாளர் மாறாதிருந்தால், வரி விலக்கு உண்டு. 'அதே பொருள்' என்று அதிகாரி நம்ப வேண்டும். எண்களும் படங்களும் அதற்குத்தான்.

வண்டி இந்தியாவில் வந்து இறங்கியதும் கார்னெட்டின் பின்பக்கத்தில் உள்ள இருப்பிடச் சான்றிதழைச் சுங்க அதிகாரியிடம் நிரப்பி வாங்குங்கள். வண்டி எங்கே, எந்தத் தேதியில், எந்தச் சேஸிஸ் எண்ணோடு பார்க்கப்பட்டது என்பது அதில் பதிவாகும். வழியில் ஏதாவது ஒரு நாட்டின் வெளியேற்ற முத்திரை விட்டுப்போயிருந்தால், அடுத்த நாட்டின் நுழைவு முத்திரையோடு சேர்த்து இந்தச் சான்றிதழ்தான் உங்களைக் காப்பாற்றும். பிறகு எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, மூலக் கார்னெட்டைக் காலாவதிக்கு முன்பே பதிவுத் தபாலில் அனுப்புங்கள் அல்லது நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். டெபாசிட் விடுவிப்புக் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கி உத்தரவாதமாக இருந்தால் மூலப் பத்திரத்தைத் திரும்பப் பெற்று வங்கியில் ஒப்படைக்கும் வரை கமிஷன் ஓடிக்கொண்டிருக்கும். எனவே அந்தக் கடிதம் வந்த அன்றே வங்கிக்குப் போய்விடுங்கள்.