ஃபான்டாசியா: கற்பனையும் அல்ல, போரும் அல்ல

ஃபிராங்ஃபர்ட் ஸ்டேடல் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா 1833-இல் தீட்டிய 'அரபு ஃபான்டாசியா' இருக்கிறது: மொராக்கோக் குதிரைவீரர்கள் பாய்ந்துவந்து துப்பாக்கி வெடிக்கும் ஆட்டத்தின் படம். இதை 'அரபுக் கற்பனை' என்று தமிழாக்குவது தவறு. அகராதியின் முதல் பொருளை எடுத்துக்கொண்டு, படத்தைப் பார்க்காமலே எழுதிய பெயர் அது.

வேர் கிரேக்கம். அங்கே 'ஃபன்டாசியா' என்றால் தோற்றம், கண்முன் காட்டுதல். வட ஆப்பிரிக்க அரபுப் பேச்சில் அது பகட்டு, மிடுக்கு என்று நின்றது. ஐரோப்பியர் அந்தப் பெயரை இந்தக் குதிரையாட்டத்துக்கு வைத்தார்கள். மொராக்கோக்காரர் சொல்வது 'தபூரிதா'. 'பாரூத்', அதாவது வெடிமருந்து, என்பதிலிருந்து வந்த சொல். 2021-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியதும் இந்தப் பெயரில்தான்.

இதில் கற்பனைக்கு எங்கே இடம்? நடுவில் முகத்தம் என்னும் தலைவர், இருபுறமும் வீரர்கள், ஒரே வரிசை. முதல் ஓட்டத்தில் வணக்கமும் துப்பாக்கி வித்தையும் மட்டும், சுடுவதில்லை. அடுத்தது நாலுகால் பாய்ச்சல். முகத்தம் குரல் கொடுத்ததும் குண்டில்லாத துப்பாக்கிகள் எல்லாம் ஒருசேர வெடிக்க வேண்டும். ஒருவர் இமைப்பொழுது முந்தினாலும் சத்தம் சிதறும், ஓட்டம் கெட்டது. மருந்தை அளவுமீறிக் கெட்டித்தால் குழலே பிளக்கும். இவ்வளவு கட்டுப்பாடான ஆட்டத்துக்குக் 'கற்பனை' என்று பெயரிடுவது அதை ஆடுகிறவர்களுக்குச் செய்யும் அநீதி.

'குதிரைப் போர்' என்பது இன்னொரு பிழை. ஃபான்டாசியா படத்தில் எல்லாக் குதிரைகளும் ஒரே திசையில் பாயும், எதிரணி இராது. பால்டிமோர் வால்ட்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள 1843-44 ஓவியத்தில் குதிரைகள் முட்டி எழுவதால் பலர் ஏமாறுகிறார்கள். அதுவும் போர் அன்று, ஆட்டத்தில் நேர்ந்த மோதல். 1832-இல் தூதுக்குழுவோடு மொராக்கோ சென்ற டெலக்ருவா இந்த ஆட்டத்தை நேரில் கண்டவர். அவரே தீட்டிய 'ஜாவூரும் ஹசனும்' சண்டைதான்: இருவர் எதிரெதிரே, கையில் ஆயுதம். அது ஆங்கிலக் கவிஞர் பைரனின் கவிதையிலிருந்து வந்தது. கற்பனை என்று சொல்வதானால் அதைச் சொல்லலாம்.

'பரிப்புனைவு' போன்ற ஆக்கம் தூய தமிழ்தான், ஆனால் அதே பிழைக்குப் புதுச்சட்டை. 'குதிரை வெடியாட்டம்' என்போம்: குதிரை, வெடி, ஆட்டம் மூன்றும் காதில் விழுகின்றன, 'பாரூத்'தும் உள்ளே இருக்கிறது. இசையில் கட்டற்று நடக்கும் ஃபான்டாசியாவுக்குக் 'கற்பனை' பொருந்தும். அங்கே அது இருக்கட்டும்.