எந்த பார்ட் எதற்காகக் காத்திருக்கிறது?

உயர்ரக டெஸ்க்டாப் ஒன்றை அசெம்பிள் செய்யப்போகிறவர்கள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டில்தான் ஆரம்பிப்பார்கள். நான் மானிட்டரில் ஆரம்பிக்கச் சொல்வேன். 1920 × 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் கிட்டத்தட்ட 83 லட்சம், சரியாக நாலு மடங்கு.

கேம் நொடிக்கு 120 படங்கள் காட்ட வேண்டுமானால், 8.3 மில்லி செகண்டுக்கு ஒரு படம் தயாராக வேண்டும். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று பிராசஸர் கணக்குப் போட்டுக் கொடுக்கும். கிராபிக்ஸ் கார்டு அதை வாங்கிப் புள்ளி புள்ளியாக வண்ணம் தீட்டும். 4கே-க்கு மாறினால் தீட்டும் வேலை எகிறும். கணக்கு வேலை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அதனால் 4கே-யில் பொதுவாக பிராசஸர் கார்டுக்காகக் காத்திருக்கும். 1080-ல் நொடிக்கு 240 படம் கேட்டால் நிலைமை தலைகீழ். காத்திருக்கும் பார்ட்டை மாற்றி இன்னும் வேகமானதைப் போட்டால் என்ன ஆகும்? அதுவும் உட்கார்ந்து காத்திருக்கும், அவ்வளவுதான்.

பிராசஸருக்குள்ளேயும் இதே கதைதான். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு, அதாவது பிராசஸருக்குள் கணக்குப் போடும் பிரிவுக்கு, ஒரு துடிப்பு 0.2 நானோ செகண்ட். ரேம் வரை போய் ஒரு தகவலை எடுத்துவர 80 நானோ செகண்ட் ஆனால், 400 துடிப்புகள் போச்சு. அதைத் தவிர்க்கத்தான் பக்கத்திலேயே கேஷ் என்ற சிறிய, வேகமான நினைவகத்தை வைக்கிறார்கள். அதில் ஓர் அடுக்குதான் எல்3. 2022-ல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸர், சிப்பின் மேலேயே இன்னொரு சிலிக்கான் துண்டை அடுக்கி 32 எம்பி எல்3 கேஷை 96 எம்பி ஆக்கியது. அதன் கடிகார வேகம் சாதாரண 5800எக்ஸை விடக் குறைவு. இருந்தும் பல கேம்களில் முந்தியது, ரேமுக்கு நடையாய் நடப்பது குறைந்ததால். வீடியோ ரெண்டரிங் செய்கிறவருக்கு இது பெரிதாக உதவாது. அவர் கோர்களை எண்ணி வாங்குவதே நல்லது.

ரேம் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். கேட்டதும் தகவலைத் தர ரேம் எத்தனை துடிப்பு எடுக்கும் என்பதுதான் சிஎல். அந்த எண்ணை 2000-ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுத்துப் பாருங்கள். 6000 சிஎல்30 என்றால் 10 நானோ செகண்ட். 6400 சிஎல்40 என்றால் 12.5. எண் பெரிது, பதில் சொல்வது தாமதம். அப்புறம், டிடிஆர்5 வகை ரேமில் நாலு ஸ்டிக் போட்டால் சிக்னல் தடுமாறும், பெரும்பாலும் வேகத்தைக் குறைக்க வேண்டிவரும். ஆகவே இரண்டே போதும். இவ்வளவு பேசும் நானே 6000 ரேமை மாட்டிவிட்டு, பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்போவை ஆன் செய்ய மறந்து, மாதக்கணக்கில் 4800-ல் ஓட்டியவன்.

கடைசியில் மிச்சமிருக்கும் காசுக்கு வாங்குகிற பொருளாகிவிட்டது பவர் சப்ளை. எனக்கு இதில்தான் ஆதங்கம். ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் கணக்கு 450 வாட். 12 வோல்ட்டில் அது 37.5 ஆம்பியர். அதுவும் சராசரிதான். கார்டுக்குள் வேலை ஏறி இறங்குவது மைக்ரோ செகண்ட் கணக்கில் நடப்பதால், மின்சாரத் தேவையும் கண நேரத்துக்கு அதைத் தாண்டி எகிறும். பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர்கள் அந்த இடைவெளியை ஈடுகட்ட வேண்டும். முடியாவிட்டால் பாதுகாப்புச் சுற்று குறுக்கிட்டு மொத்த மெஷினையும் அணைத்துவிடும். பழி கார்டின் மேல் விழும். 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதற்காகவே, தன் திறனைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்கும்படி பவர் சப்ளையைக் கேட்கிறது. சாதாரண வேலையில் திறனில் பாதியளவு மட்டும் இழுக்கும்படி வாங்கினால் சூடு குறையும், ஃபேன் சத்தமும் குறையும்.

கேபினெட்டுக்கு முன்பக்கம் காற்று போக வலை இருந்தால் சரி. கண்ணாடியாக மூடியிருந்தால் அழகு மட்டும்தான்.

மதர்போர்டில் பார்க்க வேண்டியது லேன், அதாவது கார்டும் எஸ்எஸ்டி-யும் (தகவலைச் சேமிக்கும் டிரைவ்) பிராசஸரோடு பேசும் பிசிஐஇ இணைப்பின் தனித்தனிப் பாதைகள். பிசிஐஇ 4.0-ல் ஒரு லேன் நொடிக்கு சுமார் 2 ஜிபி கடத்தும். கார்டுக்கு 16, எஸ்எஸ்டி ஒன்றுக்கு 4. சாதாரண டெஸ்க்டாப் பிராசஸரிலிருந்து வரும் லேன்கள் அளவானவை. அதனால் குறிப்பிட்ட ஸ்லாட்டில் இன்னொரு எஸ்எஸ்டி செருகியதும் கார்டின் 16 லேனை 8 ஆக்கிவிடும் போர்டுகள் உண்டு. மேனுவலில் ஒரு மூலையில், பொடி எழுத்தில் இது இருக்கும். வாங்கும் முன்பே டவுன்லோட் செய்து தேடிப் பார்த்துவிடுங்கள்.