காணாமல்போன 60 மில்லி மூளை

போன வருடத்தைவிட அம்மாவின் மூளை 60 மில்லி குறைந்திருக்கிறது என்று அச்சடித்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தாளோடு ஒரு மகன் வந்தார். “ஒரே வருஷத்துல இவ்வளவு சுருங்குமா சார்?” எழுபதைத் தாண்டியவர்களுக்கு வழக்கமாக ஆண்டுக்கு அரை சதவீதத்தை ஒட்டித்தான் குறையும். இது ஐந்து சதவீதம். அம்மாவோ எதிரே உட்கார்ந்து, ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டார் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாளை ஓரமாக வைத்துவிட்டு மூலப் படத்தைத் திறந்தேன்.

எம்.ஆர்.ஐ.யில் மூளை மட்டும் வராது. தோல், கொழுப்பு, மண்டையோடு, கண், கழுத்துத் தசை எல்லாம் சேர்ந்தே வரும். மென்பொருள் முதலில் மூளையைத் தனியே பிரிக்கும். அளவெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்டீஃபன் ஸ்மித் 2002இல் வெளியிட்ட ‘பெட்’ (BET) என்ற மென்பொருள் கருவி, தலையின் மையத்தில் ஒரு பலூனை வைத்து ஊதுவது போல வேலை செய்யும். மூளையின் விளிம்பு வந்ததும் பலூன் நிற்க வேண்டும். அதற்கு ஓர் எண் உண்டு, நாம் மாற்றாவிட்டால் 0.5. அதைக் கூட்டினால் பலூன் சிறுக்கும், குறைத்தால் பெருக்கும்.

இங்கே ஓடியதும் அந்த வகைக் கருவிதான். இரண்டாவது ஸ்கேனில் கழுத்து நிறைய உள்ளே வந்திருந்ததால் மையம் கீழே இறங்கி, மூளையின் உச்சியில் ஒரு பகுதி பலூன் போட்ட கோட்டுக்கு வெளியே போயிருந்தது. கழுத்தை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினோம். வித்தியாசம் 4 மில்லி.

எதிர்ப்பக்கமும் நடக்கும். மருந்து செலுத்தி எடுத்த படத்தில் மூளையுறை பளிச்சென்று தெரிவதால் அதையும் மூளையாக எண்ணிவிடும். எனக்கு அதிகம் பயம் உறையை ஒட்டி வளரும் கட்டிகளில்தான். தேங்காய்ச் சில்லை நெம்பும்போது பருப்பு ஓட்டோடு போவது மாதிரி, கட்டி மண்டையோட்டோடு போய்விடும்.

ஹைடல்பெர்க்கிலிருந்து 2019இல் வந்த ‘எச்டி-பெட்’, 2022இல் வந்த ‘சிந்த்ஸ்ட்ரிப்’ இரண்டும் எவ்வளவோ மேல். நானும் அவற்றைத்தான் ஓட்டுகிறேன். ஆனாலும் மூன்று திசையிலும் கோட்டைப் பார்க்காமல் எண்ணுக்குக் கையெழுத்துப் போடுவதில்லை.

ரிப்போர்ட்டோடு சிடியையும் கேட்டு வாங்கி வையுங்கள்; முடிந்தால் அடுத்த ஸ்கேனையும் அதே மெஷினில் எடுங்கள். அந்த சிடியை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம், அதில் உங்கள் முகமும் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2019இல் 84 தன்னார்வலர்களின் ஸ்கேனிலிருந்து முகத்தை உருவாக்கிப் பார்த்தார்கள். முகமறி மென்பொருள் 70 பேரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது.