ஒயினைவிட கனமான பாட்டில்

சுற்றுச்சூழலைக் கெடுக்காத ஒயினைத் தேடுபவர்கள், முதலில் லேபிளில் 'ஆர்கானிக்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பேன். ஒயினால் காற்றில் சேரும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, பல சமயம், திராட்சைத் தோட்டத்திலிருந்து வருவதில்லை, கண்ணாடியிலிருந்தே வருகிறது.

ஒரு பாட்டிலுக்குள் இருப்பது 750 மில்லி, ஏறத்தாழ முக்கால் கிலோ. அதைச் சுமக்கும் காலி பாட்டில் 400 கிராமுக்குள்ளும் இருக்கலாம், 900 கிராமைத் தாண்டியும் போகலாம். ஷாம்பெயினுக்குத் தடித்த கண்ணாடி வேண்டும், உண்மைதான். உள்ளே வாயு அழுத்தம் காற்று மண்டலத்தைப்போல ஐந்தாறு மடங்கு. அந்த ஷாம்பெயின்காரர்களே 2010இல் 900 கிராம் பாட்டிலை 835 கிராமாகக் குறைத்துக்கொண்டார்கள். நுரைக்காத சாதாரண ஒயினுக்கு அந்தக் கனம் எதற்கு? விலை உயர்ந்தது என்று கைக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். இந்த வீண் கனம் எனக்குக் கோபத்தையே தருகிறது.

ஏன் என்பதைக் கண்ணாடி உலையில் பார்க்கலாம். மணல், சோடியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல் மூன்றையும் சுமார் 1500 டிகிரி செல்சியஸில் உருக்குகிறார்கள். ஒருமுறை மூட்டிய உலையை இரவு பகலாகப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் அணைப்பதில்லை. உள்ளே குழம்பு இறுகினால் உலையே பாழ். எரிபொருள் விடும் புகை ஒரு பக்கம். சூட்டில் சுண்ணாம்புக்கல்லே பிரிந்து கரியமில வாயுவை விடுவது இன்னொரு பக்கம்: 100 கிலோ கல்லுக்கு 44 கிலோ. உலையை முழுக்க மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த இரண்டாவது பங்கு குறையாது. பழைய கண்ணாடிச் சில்லுகளைச் சேர்த்தால் குறையும். அவை தம்மிடமிருந்த வாயுவை முதல் தடவையே விட்டுவிட்டவை. உருகுவதற்கும் குறைந்த சூடே கேட்பவை.

கனம் கப்பலிலும் லாரியிலும் கூடவே பயணம் செய்கிறது. அதனால்தான் ஆஸ்திரேலிய ஒயினில் கணிசமான பங்கு 24,000 லிட்டர் பிடிக்கும் பெரும் பைகளில் கடல் கடந்து போய், விற்கும் நாட்டில் பாட்டிலில் அடைக்கப்படுகிறது. 2023இல் சில பெரிய சில்லறை வணிகர்கள், தாங்கள் விற்கும் பாட்டில்களின் சராசரி எடையை 550 கிராமிலிருந்து 420 கிராமாக 2026 முடிவுக்குள் குறைப்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

இன்னும் எளிய வழி அட்டைப்பெட்டி. தெற்கு ஆஸ்திரேலியாவின் தாமஸ் ஆங்கோவ் 1965இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பெட்டியில் அட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் ஒரு குழாய். ஒயின் இறங்க இறங்கப் பை சுருங்குகிறது. காற்று உள்ளே நுழைய இடமில்லை. திறந்த பாட்டில் சில நாட்களில் புளித்துப்போகும். இதில் வாரக்கணக்கில் கெடாது. நான்கு பாட்டில் ஒயினுக்கு இரண்டு கிலோ கண்ணாடி தேவைப்படும் இடத்தில், மூன்று லிட்டர் பெட்டிக்குச் சுமார் 200 கிராம் போதும். ஆனால் பல அடுக்குப் பிளாஸ்டிக்கால் ஆன அந்தப் பையை மறுசுழற்சி செய்வது கடினம். பிளாஸ்டிக் வழியே ஆக்சிஜன் மெல்லக் கசிவதால் பெட்டி ஒயினை ஓராண்டுக்குள் குடித்துவிட வேண்டும். பத்தாண்டு முதிர வேண்டிய ஒயினுக்குக் கண்ணாடிதான் சரி. வாங்கிய வாரமே குடிக்கும் ஒயினுக்கு அது தேவையே இல்லை.

ஆர்கானிக் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செயற்கைப் பூச்சிக்கொல்லி இல்லாதது நல்லதே. ஆனால் பூஞ்சைக்குத் தாமிர உப்பைத் தெளிக்க அங்கும் அனுமதி உண்டு, தாமிரமோ மண்ணிலேயே தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த வழி, பாட்டிலை உடைக்காமல் திரும்ப நிரப்புவது. உருக்க 1500 டிகிரி; கழுவ வெந்நீர். ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க்கில் ஒரு லிட்டர் ஒயின் பாட்டில்கள் நெடுங்காலமாகக் கடைக்குத் திரும்பி வருகின்றன. தோட்டமும் கடையும் குடிப்பவரும் அருகருகே இருப்பதால் அங்கே அது கட்டுப்படியாகிறது. கடல் தாண்டிப் போன பாட்டிலை வெறுமையாகத் திருப்பி அனுப்பினால், மிச்சம் பிடித்ததைக் கப்பல் எரித்துவிடும்.