கொலஸ்ட்ரால்: பெயரிலேயே இருக்கும் பித்தம்

ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் 240 என்று வந்தால் 'கொழுப்பு கூடிப்போச்சு' என்கிறோம். பேச்சுக்கு அது சரி. ஆனால் அதைக் குறைக்க முனையும்போது இந்தச் சொல்லே நம்மைக் குழப்பிவிடுகிறது.

'கொலஸ்ட்ரால்' கிரேக்க வேர்களில் பிறந்தது. 'கோலே' என்றால் பித்தம், 'ஸ்டெரியோஸ்' என்றால் கெட்டியானது. 18-ஆம் நூற்றாண்டில் இந்தப் பொருளைப் பித்தப்பைக் கற்களில்தான் முதலில் கண்டார்கள். 1815-ஐ ஒட்டி, பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் செவ்ரூல் இதைக் 'கொலஸ்டரின்' என்று அழைத்தார். கொழுப்பைக் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் சோப்பாக மாறும். இதுவோ மாற மறுத்தது. ஆல்கஹால் இனத்தைச் சேர்ந்தது என்று பின்னர் தெரிந்ததும் பெயரின் வால் 'ஆல்' ஆனது.

நம் 'கொழுப்பு' வேறு. 'கொழு' என்ற வினையில் பிறந்தது. கொழுத்த, கொழுகொழு எல்லாம் அதன் உறவு. உடம்பு சேர்த்து வைத்து, தேவைப்படும்போது எரித்துக்கொள்கிற பொருள் அது. கொலஸ்ட்ராலை உடம்பால் அப்படி எரிக்க முடியாது. உயிரணுச் சவ்வுக்கும் சில ஹார்மோன்களுக்கும் அது வேண்டும். மிஞ்சியது வெளியேற முக்கிய வழி பித்தம்தான். கல்லீரல் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக்கிக் குடலுக்கு அனுப்புகிறது. குடலோ அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பிவிடுகிறது.

உணவு மாற்றம் வேலை செய்யும் இடம் இதுதான். ஓட்ஸ், பார்லி, பயறு, ஆப்பிள் இவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் கூழாகிப் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும். குறைந்த பித்தத்தை ஈடுகட்ட, கல்லீரல் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் எல்.டி.எல். துகள்களை இழுத்துக்கொள்ளும். செறிவுற்ற கொழுப்பு (saturated fat) இதற்கு நேர்மாறு: எல்.டி.எல்.-ஐப் பிடிக்கும் கல்லீரலின் ஏற்பிகளைக் குறைத்துவிடும். அதனால் 'கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்' என்ற விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படி இருப்பதில்லை. பாட்டிலைத் திருப்பிச் செறிவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள்.

அப்புறம் உடற்பயிற்சி. வேர்வையில் கொலஸ்ட்ரால் கரைந்து போகாது. வேக நடை எரிப்பது, உடம்பு சேர்த்து வைக்கும் டிரைகிளிசரைடை. 'கொழுப்பு' என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல். கொஞ்சம் ஏறும், எடை குறைந்தால் எல்.டி.எல்.-உம் ஓரளவு இறங்கும். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? வேர்ப்படி பெயர்த்தால் 'பித்தத் திண்மம்'. பொருள் சரி, ஆனால் யாருக்கும் புரியாது. 'ரத்தக் கொழுப்பு' என்பது அறிக்கையில் வரும் எல்லா எண்களுக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும். இந்த ஒன்றை மட்டும் குறிக்க 'கொலஸ்ட்ரால்' என்றே எழுதலாம் என்பது என் கருத்து. 'கெட்ட கொழுப்பு' என்கிற எல்.டி.எல். கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகள். அதற்குக் 'கொழுப்புப்புரதம்' என்ற நல்ல சொல் இருக்கிறது.

பரம்பரையாகவே எல்.டி.எல். மிகுந்தவர்கள் பலருக்கு அதைப் பிடிக்கும் ஏற்பிகளிலேயே குறை இருக்கும். அவர்களுக்கு நார்ச்சத்தும் நடையும் மட்டும் போதாது. மருத்துவர் தந்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.