மரபணு: சொல்லும் பொருளும்

'ஜீன்' என்பதற்குத் தமிழில் 'மரபணு' பொருந்துமா, 'பரம்பரையலகு' பொருந்துமா என்பதே கேள்வி. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பாதையில், பர்லியாறு பக்கம் பலா பழுக்கும் நாள்களில் யானைகள் குட்டியோடு வந்து நிற்கும். சாலையோரச் சுவரில் குரங்கு தன் குட்டியை வயிற்றோடு அணைத்தபடி அமர்ந்திருக்கும். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், 'குழவி' என்னும் ஒரே இளமைப் பெயரை யானைக்கும் ஆவுக்கும் எருமைக்கும் குரங்குக்கும் முசு என்னும் குரங்கு வகைக்கும் தந்து, மக்களுக்கும் அதை உரிமையாக்கி, ஓரறிவுயிராகிய செடிகொடிகளுக்கும் வழங்கலாம் என்கிறது. தொல்காப்பியர் உயிரியல் சொன்னார் என்பதன்று என் கருத்து. 'மரபு' என்ற சொல் ஒரு குடும்பத்தோடோ ஓர் இனத்தோடோ நின்றுவிடாமல், உயிர்கள் அனைத்தையும் தழுவி ஆளப்பட்டிருக்கிறது என்பதையே சுட்டுகிறேன்.

பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைகளுக்குக் கடத்தும் கூறாகிய 'ஜீன்' என்பது டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் 1909-இல் வழக்குக்குக் கொண்டுவந்த சொல். டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் பண்புகளைக் கடத்தும் துகளுக்கு ஆண்ட 'பான்ஜீன்' என்பதன் முற்பகுதியை நீக்கி அவர் இதைச் சுருக்கினார். பிறப்பு, குலம் எனப் பொருள்படும் கிரேக்க வேர் இதன் அடியில் இருக்கிறது.

தமிழில் மரபு + அணு = மரபணு. இங்கே 'அணு' வேதியியலார் கூறும் அணுவன்று. 'உயிரணு' என்பதில் போல மிகச் சிறியது என்றே பொருள். உண்மையில் மரபணு என்பது டி.என்.ஏ. இழையின் ஒரு பகுதி. அதில் வேதியியல் அணுக்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் 'பரம்பரையலகு' இக்குழப்பத்தைத் தவிர்க்கிறது. அலகு என்பது அணுவைவிடத் துல்லியமானதே. ஆயினும் 'பரம்பரை' என்றதும் பாட்டன், தந்தை, மகன் என்ற ஒற்றைக் கோடுதான் நினைவுக்கு வருகிறது. உயிர்மூச்சுக்கு இன்றியமையாத சைட்டோகுரோம்-சி என்னும் புரதத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கான மரபணு மனிதரிடமும், இம்மலைச் சரிவின் தேயிலைச் செடியிலும் இருக்கிறது. அப்புரதத்தின் கட்டுக்கூறுகளாகிய 104 அமினோ அமிலங்களும் மனிதருக்கும் சிம்பன்சிக்கும் ஒன்றே. ரீசஸ் குரங்கில் ஒன்றே ஒன்று மாறுகிறது. பர்லியாற்றுச் சுவரில் அமரும் நாட்டுக்குரங்கு அந்த ரீசஸின் பேரினத்தைச் சேர்ந்தது. இத்தனை அகலமான உறவைத் தாங்கும் சொல் 'மரபு' என்பதால், நான் மரபணுவின் பக்கமே நிற்கிறேன்.

ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். தந்தை யார் எனக் கண்டறியும் சோதனையைச் செய்தித்தாள்கள் 'மரபணுச் சோதனை' என்கின்றன. அச்சோதனை ஒப்பிடும் பகுதிகள் பெரும்பாலும் எந்தப் புரதத்துக்கும் செய்தி தாங்காதவை. ஆகவே அதை டி.என்.ஏ. சோதனை என்பதே சரி. இரத்தச் சிவப்பணுவின் புரதமாகிய ஹீமோகுளோபினுக்குரிய மரபணு ஒன்றில், டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து மாறுவதால் வரும் அரிவாள் செல் சோகையின் செய்தி வேறு. அந்த மாற்றம் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது 1952-இல், இதே நீலகிரியின் பழங்குடியினரிடையேதான். அதைத் தேடிச் செய்யும் டி.என்.ஏ. ஆய்வுக்கு 'மரபணுச் சோதனை' என்னும் பெயர் சொல்லுக்குச் சொல் பொருந்தும்.